லேமினேட் செய்த பதிலும் பதினேழு ‘டிரெயினி’களும்

சென்ற மாதம், கோவைத் தொழிற்பேட்டை ஒன்றில் பம்பு உதிரிபாகம் செய்யும் நடுத்தர ஆலையின் உரிமையாளர் என் அலுவலகத்துக்கு வந்து, மேசைமீது ஒரு தாளை வைத்தார். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவர் கேட்ட கேள்விக்கு அரசு அலுவலகம் ஒன்று அனுப்பியிருந்த பதில் அது. ந.க. எண், நாள், பொதுத் தகவல் அலுவலரின் கையொப்பம், முத்திரை எல்லாம் தெளிவாகத் தெரியும்படி அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். “கவர்மெண்டே எழுதிக் கொடுத்திருக்குதுங்க சார், அப்புறம் எதுக்கு எனக்கு நோட்டீஸ்?” என்றார். நோட்டீஸ், வருங்கால வைப்புநிதி அலுவலகத்திலிருந்து, முதலாளி கட்ட வேண்டிய தொகையைத் தீர்மானிக்கும் 7ஏ பிரிவின்கீழ் வந்த விசாரணை அழைப்பாணை.

தொழிலாளர் சட்ட ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன். இந்த ஓராண்டில் இதே போன்ற தாளோடு வந்தவர்களில் இவர் நான்காமவர். முதல் மூவருக்கும் நேரில் பொறுமையாக விளக்கினேன். நான்காமவருக்குப் பிறகு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அவர் கேட்டிருந்த கேள்வி இது: தொழிற்பழகுநர் சட்டம் 1961-இன்கீழ் சேர்க்கப்படும் தொழிற்பழகுநர்களுக்கு (அப்ரண்டிஸ்) வைப்புநிதியும் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடும் பொருந்துமா? வந்த பதில்: பொருந்தாது. பதிலில் பிழை எதுவும் இல்லை. அவருடைய ஆலையில் அப்ரண்டிஸ் என்று சொல்லத்தக்கவர் ஒருவர்கூட இல்லை என்பதுதான் சிக்கல்.

மறுநாள் ஆலைக்குப் போனேன். நிரந்தரப் பணியாளர் 38 பேருக்கு முறையான பதிவேடு இருந்தது. ‘டிரெயினி’ என்று அட்டையில் எழுதிய நீள நோட்டு ஒன்று தனியாக இருந்தது. அதில் பதினேழு பெயர்கள். பெயருக்கு எதிரே வருகை நாள்கள், அடுத்த கட்டத்தில் ‘பீஸ்’ என்று தலைப்பிட்டு எண்ணிக்கை, கடைசியில் தொகை. மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாயும், குறித்த எண்ணிக்கைக்கு மேல் போனால் பீஸுக்கு இவ்வளவு என்று கூடுதலும் கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். “அரசு சொல்ற ஸ்டைபண்டைவிட நான் ஜாஸ்தியே தர்றேனுங்க” என்றார் உரிமையாளர். உண்மைதான். 2019 செப்டம்பரில் திருத்தப்பட்ட விதிகள் கல்வித் தகுதியைப் பொறுத்து 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்றுதான் குறைந்தபட்ச உதவித்தொகையை வகுத்தன. ஆனால் பழகுநருக்குத் துண்டுக்கூலி கொடுக்கக் கூடாது, உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று தொழிற்பழகுநர் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நோட்டின் ‘பீஸ்’ என்ற ஒரு கட்டமே, அவர்கள் அங்கே கற்றுக்கொள்ள வரவில்லை, உற்பத்தி செய்ய வந்தார்கள் என்பதற்கான வாக்குமூலம். விசாரணைக்கு வரும் அலுவலர் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாமே கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறோம்.

‘தொழிற்பழகுநருக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தாது’ என்ற வாசகம் இந்த ஊரின் தொழிற்பேட்டைகளில் ஏறத்தாழ ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. அது அதே சட்டத்தின் 18ஆம் பிரிவிலிருந்து வருகிறது. அந்தப் பிரிவைச் சொல்பவர்கள் அதன் முதல் சொற்களை விட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள். ‘இச்சட்டத்தில் வேறு வகையில் கூறப்பட்டிருந்தாலன்றி’ என்றுதான் அது தொடங்குகிறது. அதே சட்டத்தில் வேறு வகையில் கூறப்பட்டவை பல. தொழிற்சாலையில் பயிற்சி பெறும் பழகுநருக்கு அங்குள்ள தொழிலாளிக்குரிய பாதுகாப்பு, உடல்நலம், நலவசதி விதிகள் அனைத்தும் பொருந்தும் என்கிறது 14ஆம் பிரிவு. இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் அலுவலரான பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. பயிற்சியின் நலனோ பொதுநலனோ இருந்தாலன்றி அவரும் ஒப்புதல் தரக் கூடாது. பயிற்சியின்போது காயம் ஏற்பட்டால் இழப்பீட்டுக்கு முதலாளியே பொறுப்பு என்கிறது 16ஆம் பிரிவு.

இரண்டாவது, ‘தொழிற்பழகுநர்’ என்றால் யார் என்பதைச் சட்டம் நம் விருப்பத்துக்கு விடவில்லை. தொழிற்பழகுநர் ஒப்பந்தத்தின்படி பயிற்சி பெறுபவரே தொழிற்பழகுநர் என்று இரண்டாம் பிரிவே வரையறுத்துவிட்டது. ஒப்பந்தம் இல்லையென்றால் பழகுநர் இல்லை. பழகுநர் இல்லையென்றால் 18ஆம் பிரிவும் இல்லை. டிரெயினி, லேர்னர், ஹெல்பர், ‘பழகிக்கொண்டிருக்கும் பையன்’ என்று நாம் வைக்கும் எந்தப் பெயருக்கும் அந்தப் பிரிவு குடை பிடிக்காது. வைப்புநிதிச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் ‘பணியாளர்’ என்ற சொல்லுக்குத் தந்திருக்கும் பொருளைப் பாருங்கள்: பழகுநராகச் சேர்க்கப்பட்டவரும் பணியாளரே, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சேர்க்கப்பட்டவர் நீங்கலாக (வைப்புநிதிச் சட்டத்தில், நிறுவனத்தின் நிலையாணைகளின்கீழ் சேர்க்கப்பட்ட பழகுநரும் நீங்கலாக). விதிவிலக்கைப் படித்துவிட்டு விதியை விட்டுவிடுகிறோம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெயர் சொல்லித்தான் அந்த விலக்கை அளிக்கிறது. ‘புதுச் சட்டம் வந்துவிட்டதே, இனி மாறிவிடுமா?’ என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்லி வைக்கிறேன்.

வழக்கறிஞர் நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள் என்று தெரியும். ஒப்பந்தம் பதிவாகவில்லை என்ற ஒரே காரணத்தால் பழகுநர் தொழிலாளியாகிவிட மாட்டார் என்று, உத்தரப் பிரதேச மாநில மின்சார வாரிய வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அங்கே சட்டத்தின்கீழ் நடந்த உண்மையான பயிற்சி இருந்தது, பதிவில்தான் குறை. நம் உரிமையாளரிடம் பயிற்சித் திட்டமும் இல்லை, முன்னேற்றப் பதிவேடும் இல்லை, கையெழுத்திட்ட ஒப்பந்தமும் இல்லை. பதினேழு வவுச்சரை வைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டினால் எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்குச் சிரிப்பு வரும்.

இனி அந்த லேமினேட் தாளுக்கு வருகிறேன். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, ஓர் அலுவலகத்தின் வசம் ஏற்கெனவே இருக்கும் தகவலைக் கேட்டுப் பெறுவதற்கான சட்டம். கருத்தோ ஆலோசனையோ சொல்லும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விடைத்தாள் வழக்கிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த நாற்காலியில் இருப்பவர் முப்பது நாளுக்குள் கோப்பை முடித்தாக வேண்டும். கேட்ட கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் வரியை எழுதி அனுப்புவார். உங்கள் ஆலையை அவர் பார்த்ததில்லை. நீங்கள் அதில் எழுதாத பதினேழு பேரை அவருக்குத் தெரியாது. இன்னொன்று: இந்தப் பதிலை அனுப்பியது மாநில அரசின் பயிற்சித் துறை அலுவலகம். வைப்புநிதியும் ஈ.எஸ்.ஐ.யும் மத்திய அமைப்புகள். தனக்குத் தொடர்பில்லாத கேள்வியை 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பியிருக்க வேண்டும்; அந்த அலுவலர் நல்ல மனத்தோடு தானே பதில் எழுதிவிட்டார். (இப்படி உதவி செய்யும் அலுவலர்களால் எனக்கு வரும் வேலை கொஞ்சநஞ்சமல்ல.) ஒரு துறை எழுதும் பதில் இன்னொரு துறையின் விசாரணை அலுவலரைக் கட்டுப்படுத்தாது.

அமைச்சர்கள் அவையில் தரும் பதில்களை நாளிதழிலிருந்து வெட்டிக்கொண்டு வருபவர்களுக்கும் இது பொருந்தும். அவையில் தரப்படும் பதில் அரசின் நிலையைச் சொல்கிறது. உங்கள் ஆலைக்கு விலக்கு அளிப்பதில்லை. விலக்கு வேண்டுமென்றால் அது அரசாணையாகவோ அறிவிக்கையாகவோ அரசிதழில் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு வாருங்கள், பேசலாம்.

“சரிங்க சார், இப்பவே எல்லாரையும் கவர்மெண்ட் அப்ரண்டிஸ் போர்ட்டல்ல ஏத்திடலாமா?” என்பது அவரது அடுத்த கேள்வி. ஏற்ற முடியாது. ஒப்பந்த ஊழியரையும் சேர்த்த மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரைதான் பழகுநரைச் சேர்க்கலாம். 38 பேருக்கு 15 சதவீதம் என்றால் ஐந்தாறு பேருக்கு மேல் இடமில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முப்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்தே ஆக வேண்டும். ஆலை முழுக்க ‘அப்ரண்டிஸ்’ வைத்திருப்பதாகச் சொல்லும் இவர், அரசு இணையதளத்தில் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் அந்தக் கடமையிலும் தவறியிருக்கிறார். முறையாகச் சேர்த்திருந்தால் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசே ஏற்றிருக்கும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம் நோட்டீஸ் மட்டுமல்ல. வைப்புநிதி அலுவலகத்தின் கண்ணில் இந்த ஆலை பட்டதே ஒரு விபத்தால்தான். இரவு ஒன்பது மணி அளவில், எட்டு மணி நேர வேலை முடிந்த பிறகும் பவர் பிரஸ்ஸில் நின்ற பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு வலக்கையின் இரண்டு விரல்கள் போயின. ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது, தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்தப் பையனை நான் பார்த்தபோது, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருந்தான். “நான் டிரெயினிதானுங்க, எனக்கு எதுவும் கிடைக்காதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாருங்க” என்றான். கிடைக்கும் தம்பி என்றேன். அவன் பழகுநராக இருந்திருந்தாலும் இழப்பீடு உண்டு, தொழிலாளியாக இருந்தாலும் உண்டு; இடையில் எதுவுமே கிடைக்காத ஓர் இடம் இருக்கிறது என்று நம்ப வைத்ததுதான் நம் தொழிற்பேட்டைப் பேச்சு.

ஆகவே உரிமையாளர்கள் தயவுசெய்து கவனிக்கவும். பயிற்சிக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்றால் வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தம் போடுங்கள்; பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிட வேண்டும்; ஒப்பந்த விவரத்தை இணையதளத்தில் ஏழு நாளுக்குள் ஏற்றுங்கள். உதவித்தொகையை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கொடுங்கள். துண்டுக்கூலி வேண்டாம். இரவுக் கூடுதல் வேலை வேண்டவே வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் ‘நாளையிலிருந்து வராதே’ என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. ஒப்பந்தத்தை முறிக்கவும் பழகுநர் ஆலோசகரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்த அலுவலகம் என்று குழம்பினால், ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு உங்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம், பட்டம் பட்டயம் முடித்தவர்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். சட்டம் சொல்லும் பழகுநர் உங்களுக்குத் தேவையில்லை, உற்பத்திக்கு ஆள்தான் தேவை என்றால், அவர்களைச் சம்பளப் பதிவேட்டில் நேர்மையாகச் சேர்த்துவிடுங்கள். பின்னால் நிலுவை என்று வந்தால் தொழிலாளியின் 12 சதவீதப் பங்கையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும். கடந்த மாதங்களுக்கான பங்கை அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அதற்கு மேல் வட்டியும் தண்டத் தொகையும் இருக்கின்றன.

தகவல் உரிமை மனு போடுகிறீர்களா, தாராளமாகப் போடுங்கள். ‘பொருந்துமா’ என்று கேட்காதீர்கள்; குறிப்பிட்ட சுற்றறிக்கையின் நகல், அறிவிக்கையின் நகல் என்று ஆவணத்தைக் கேளுங்கள். விளக்கம் தேவையென்றால் உங்கள் ஆலையின் உண்மை நிலவரத்தை மறைக்காமல் எழுதி, அந்தச் சட்டத்தை நடத்தும் அலுவலகத்துக்கே சாதாரணக் கடிதமாக அனுப்புங்கள். பதில் தாமதமாகத்தான் வரும். வரும் வரை பணம் கட்டுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை ‘அப்ரண்டிஸ்’ என்று எங்காவது சேர்த்தால், ஒப்பந்தப் பதிவு எண் என்ன என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஒப்பந்தமும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் பிள்ளை அங்கே பயிற்சியில் இல்லை, வேலையில் இருக்கிறான், அப்படியானால் ஈ.எஸ்.ஐ. எண்ணும் வைப்புநிதி எண்ணும் எங்கே என்று கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால், ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்படாவிட்டால் வேலை தரும் கடமை சட்டப்படி முதலாளிக்கு இல்லை.

அந்த ஆலையில், ஐ.டி.ஐ. முடித்து அண்மையில் சேர்ந்த நால்வருக்கு இப்போது ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறது. மற்ற பதின்மூவரின் பெயர்களும், அவர்கள் உண்மையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, சம்பளப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. விரல் இழந்த பையனின் பெயரும் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. அவனது இழப்பீட்டுக் கோப்பு இந்த வாரம் என் மேசையில் இருக்கிறது. உரிமையாளர் விட்டுச்சென்ற லேமினேட் தாளையும் அதே கோப்பில்தான் வைத்திருக்கிறேன். விசாரணைக்குப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு வரவே கூடாது என்று அவரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.