ஈரி கால்வாய்: அரசுக் கடனில் வெட்டிய நீர்வழி

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரி ஏரிக்கரை நகரான பஃபலோவிலிருந்து நியூயார்க் துறைமுகத்துக்கு ஒரு டன் சரக்கை வண்டியில் கொண்டுசேர்க்க ஏறக்குறைய 100 டாலர் செலவாயிற்று. கோதுமையின் விலை அந்தக் கூலியைத் தாங்காது என்பதால், அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே நிலம் எவ்வளவு வளமாக இருந்தும் விளைச்சலைக் கிழக்குக் கரைக்கு அனுப்ப வழியில்லை. கால்வாய் வெட்ட மத்திய அரசு பணம் தரும் என்ற நம்பிக்கையும், 1817 மார்ச்சில் அதிபர் மாடிசன் அதற்கான மசோதாவைத் தடுத்ததோடு போயிற்று. நியூயார்க் அரசியல் தலைவர் டிவிட் கிளிண்டனின் விடாமுயற்சியால் நியூயார்க் மாநில அரசே கடன்பத்திரம் விற்று, அவ்வாண்டு ஜூலையில் வேலையைத் தொடங்கியது.

ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைத்த இந்த 363 மைல் கால்வாய்க்கு ஆழம் 4 அடிதான். இரு முனைகளுக்கும் இடையே உயர வேறுபாடோ சுமார் 570 அடி. அதைச் சமாளிக்க 83 லாக்குகள் கட்டப்பட்டன. லாக் என்பது இரு முனையிலும் கதவுள்ள கல்தொட்டி. மேலே ஏற வேண்டிய படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை அடைத்து, மேல்மட்டத்து நீரை மடை வழியே விடுவார்கள்; நீர் உயர உயரப் படகும் உயரும்; மட்டம் ஒன்றானதும் மேல்கதவைத் திறந்தால் படகு புறப்பட்டுவிடும். இரட்டைக் கதவுகள் மேல்மட்டத்தை நோக்கிக் கூம்பாகச் சேர்வதால், அழுத்தும் நீரே அவற்றை இறுக்கி மூடுகிறது. தேங்கிய நீர் மெதுவாகச் செல்லும் படகை அதிகம் தடுப்பதில்லை என்பதால், கரையோரம் நடந்த ஓரிரு குதிரைகளோ கோவேறு கழுதைகளோ 30 டன் சரக்கை இழுத்துவிட்டன.

1825-ல் கால்வாய் திறந்தபின் கூலி டன்னுக்கு 10 டாலர் அளவுக்கு இறங்கியது. கட்டுமானச் செலவான சுமார் 70 லட்சம் டாலரைச் சுங்க வசூலே ஈடுகட்டியது என்றாலும், பெரிய வரவு அந்தக் கணக்கில் ஏறாதது என்றே சொல்ல வேண்டும்: ராச்செஸ்டரில் மாவு ஆலைகள் பெருகின, கரையோர நிலத்தின் மதிப்பு ஏறியது, நாட்டின் முதன்மைத் துறைமுகம் என்ற நியூயார்க்கின் இடம் உறுதிப்பட்டது. சுங்கத்தை மட்டுமே நம்பும் தனியார் நிறுவனத்துக்கு இந்த மறைமுகப் பலன்கள் வருமானமாகா. மாநிலத்துக்கோ அவை வரியாகவும் வணிகமாகவும் திரும்பி வரும். (பூர்வகுடிகளான ஹாடெனோசோனி மக்களின் நில இழப்பு இந்த வளர்ச்சியின் இன்னொரு பக்கம்.)

பொறாமையுற்ற பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவும் அரசுப் பணத்தில் நீர்வழி அமைக்க இறங்கியது. ஆனால் நியூயார்க்குக்கு மோஹாக் பள்ளத்தாக்கு மலையினூடே தாழ்வான வழி தந்திருந்தது. பென்சில்வேனியாவிலோ படகுகளையும் சரக்கையும் சரிவு இருப்புப்பாதையில் ஏற்றி அலிகெனி மலையைத் தாண்ட வேண்டியிருந்தது. 1834-ல் முடிந்த அந்த நீர்வழி போட்ட முதலை மீட்கவேயில்லை. 1857-ல் மாநிலம் அதை ஒரு ரயில் நிறுவனத்திடம் விற்றுவிட்டது.