சைலன்சருக்குள் நுழையும் குழாய் எதைப் பார்க்கிறது?

பெட்ரோல் பங்க் ஓரத்தில் பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கும்போது, வண்டியை ஐடிலில் ஓடவிட்டு சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகுவார்கள். அது புகையை உறிஞ்சி, கருவிக்குள் இருக்கும் சிறிய அறைக்கு அனுப்பும். அறையின் ஒரு முனையிலிருந்து அகச்சிவப்புக் கதிர் கிளம்பும். மறுமுனையில் அதை அளக்கும் உணரி. கார்பன் மோனாக்சைடு சுமார் 4.6 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிரை விழுங்கும். அரைகுறையாக எரிந்து வெளிவரும் ஹைட்ரோகார்பன்களுக்குப் பிடித்தது 3.4 மைக்ரோமீட்டர் பக்கம். அந்தந்த அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை உணரிக்கு முன்னால் வைத்துவிட்டால், கதிர் எவ்வளவு குறைந்ததோ அதை வைத்து வாயுவின் அளவைக் கணக்கிடலாம். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் எனும் இந்திய மாசு விதிகளின் நான்காம் கட்டம்) பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம்.

குழாயைப் பேருக்குச் செருகினால் வெளிக்காற்று கலந்து எல்லா அளவும் குறைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அளக்கும் கருவியில் இது மாட்டிக்கொள்ளும்: அதுவும் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தால், உள்ளே வந்தது வெறும் புகை இல்லை.

டீசல் எஞ்சினில் காற்று தாராளம், அதனால் கார்பன் மோனாக்சைடு குறைவு. அங்கே தலைவலி கரித்துகள். ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதிக்கச் சொல்லி, குபுக்கென்று வரும் புகைக்குக் குறுக்கே ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு மறைகிறது என்று பார்ப்பார்கள்.

சரி, நைட்ரஜன் ஆக்சைடுகள்? இந்த இரண்டு சோதனையிலும் அவை கணக்கில் வருவதே இல்லை. எஞ்சின் பாரம் இழுத்துச் சூடாகும்போதுதான் அவை அதிகம் உருவாகும். நிற்கிற வண்டியில் தேடிப் பெரிய பயனில்லை. ஆய்வகத்தில் இவற்றை அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. இருட்டான அறையில், அவற்றில் ஒன்றான நைட்ரிக் ஆக்சைடோடு ஓசோனைக் கலந்தால் மெல்லிய ஒளி பிறக்கும். ஒளி எவ்வளவோ, வாயு அவ்வளவு.

ஆனால் ஆய்வகத்தையே ஏமாற்றலாம் என்று ஃபோக்ஸ்வேகன் காட்டிவிட்டது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளவுக் கருவியை டீசல் கார்களிலேயே ஏற்றி அமெரிக்கச் சாலைகளில் ஓட்டினார்கள். 2014-இல் வெளியான முடிவில், ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா கார் ஒன்று வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கியது தெரிந்தது. சோதனை நடக்கிறது என்று மோப்பம் பிடித்தால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள் அதில் இருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமானது.

இந்தியாவிலும் 2023 ஏப்ரலிலிருந்து கார் நிறுவனங்கள் இப்படிச் சாலையில் ஓட்டி அளந்துகாட்ட வேண்டும். அது புது மாடல்களுக்கு ஒப்புதல் வாங்கும் கட்டத்தில். பத்து வருடம் ஓடிய வண்டிக்கு இன்னும் அந்த நிற்கவைத்துச் செய்யும் சோதனைதான்.