பேடுகளைக் கழற்றாமல் வீசிய பந்து

விக்கெட் காப்பாளர் ஒருவர் காலில் கட்டிய பேடுகளைக் கூடக் கழற்றாமல் பந்து வீசி நான்கு விக்கெட்டுகளை எடுத்தது எவ்வாறு என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் குறிப்பிடுவது ஆல்ஃபிரட் லிட்டில்டனை (1857–1913). 1877இல் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த கால்பந்தாட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் ஒரே கோலை அடித்த அவர், 1880இல் அதே மைதானத்தில் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் களமிறங்கி, இரண்டு விளையாட்டுகளிலும் இங்கிலாந்துக்காக ஆடிய முதல் வீரரானார். பின்னாளில் குடியேற்ற நாடுகளின் அமைச்சராகவும் இருந்தார். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து பட்டு உடலுக்குள் உண்டான சீழ்க்கட்டியால் இறந்தார்.

1884 ஆகஸ்டில், அதே ஓவலில், ஆஸ்திரேலியா 500 ஓட்டங்களைத் தாண்டியபோது இங்கிலாந்தின் பதினொருவரும் பந்து வீச நேர்ந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் விக்கெட் காப்பாளராக நிற்க, லிட்டில்டன் தோளுக்குக் கீழே கையை வீசி, பந்தை உயரத் தூக்கிப் போட்டார். அவருக்கு 19 ஓட்டங்களில் 4 விக்கெட்டுகள் கிடைத்தன. ஆஸ்திரேலியா 551இல் ஆட்டமிழந்தது. அந்நேரத்தில் மட்டையாளர்கள் அடித்தாடும் மனநிலையில் இருந்திருப்பார்கள் என்றாலும், இதை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஒரு மீட்டர் உயரத்தில் கையை விட்டு, நான்கு மீட்டர் வரை எழும்பி, 15.5 மீட்டர் தொலைவில் விழும் பந்தை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அது ஏறத்தாழ 1.7 விநாடி அந்தரத்தில் இருக்கிறது. வேகப்பந்துக்கோ அரை விநாடிதான். அவ்வளவு நேரம் கிடைத்தும் மட்டையாளர் ஏன் தடுமாறுகிறார்? வீச்சின் கோணம் மாறாமல் வேகத்தை மட்டும் ஐந்து சதவீதம் கூட்டினால், பந்து முன்னோக்கிச் செல்லும் வேகமும் கூடுகிறது, அந்தரத்தில் இருக்கும் நேரமும் கூடுகிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பெருகுவதால், பந்து விழும் இடம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தள்ளிப்போகிறது. நம் கணக்கில் அது ஒன்றரை மீட்டர்! பள்ளிப் பாடத்தில் எறிபொருள் இயக்கத்தைக் கரும்பலகையிலேயே முடித்துவிடாமல், மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்று இதை எறிந்து பார்க்கச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வேகம் படிப்படியாக மாறுவதை உணர்வதில் மனிதக் கண் திறமை குறைந்தது. எழும்பும்போது இரண்டு பந்துகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு தெளிவாகும்போது, கிரீஸை (மட்டையாளருக்கான எல்லைக் கோட்டை) விட்டு இறங்கி ஓடிவந்த மட்டையாளர் திரும்பிப் போக நேரமிருக்காது. போதாததற்கு, பந்து ஏறத்தாழ 45 பாகைச் சரிவில் விழுவதால், அது மட்டை வீசும் உயரத்தில் இருப்பது ஒரு நொடிப்பொழுதுதான்.