டுபாய்க்குப் போகும் அப்பாமாரும் அவர்கள் மறக்கும் தண்ணீரும்

போன ஓகஸ்டில் மகள் வீட்டுக்குப் போய் வந்த ஐயா ஒருவர், வெள்ளவத்தையில் என் பாமசிக்கு வந்ததும் சொன்ன முதல் கதை: "தம்பி, அப்ரா ஏறப் போன இடத்தில தலை சுத்தி விழப் பாத்தன்."

அப்ரா என்பது டுபாயில் தேராவுக்கும் பர்துபாய்க்கும் நடுவே ஓடும் மரப்படகு. 1 திர்ஹம் கொடுத்தால் அக்கரை சேரலாம். அன்று காலையிலிருந்து என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். மூன்று கரக் தேத்தண்ணி, ஒரு கரும்புச் சாறு. தண்ணீர்? "தாகமே எடுக்கேல்லை. கொழும்பு வெயிலைக் காணாத ஆளே நான்?"

கொழும்பு வெயில் பெரும்பாலும் 30, 32 பாகையோடு நின்றுவிடும். டுபாயில் ஜூலை, ஓகஸ்ட் பகல் 40ஐத் தாண்டும். பாலைவன ஊர், வறண்ட காற்று என்று நினைத்துப் போகிறோம். கடலோர ஊர் என்பதால் கோடையில் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். வியர்வை காயாது, உடம்பு ஆறாது. வீடு, கார், மோல் எல்லாவற்றிலும் ஏசி இருப்பதால் தாகம் தெரிவதில்லை. வயது போனால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். ஐயா இதற்கு மேல் காலையில் பிரஷருக்குச் 'சலம் போற குளிசை' வேறு போடுகிறவர். எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவுக் குளிசைகளும் சலத்தைக் கூட்டும். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். போக முன் உங்கள் டொக்டரிடம் அளவைப் பற்றிக் கேளுங்கள்.

கரக் நல்ல சாமான்தான், ஏலக்காய் வாசத்துக்கே குடிக்கலாம். ஆனால் நம்மூர்ப் பால் தேத்தண்ணியை விடச் சீனி கூட. பேரீச்சம்பழமும் அப்படித்தான்; பெரிய மெட்ஜூல் ஒன்றிலேயே 16 கிராம் அளவு சீனி இருக்கும். "பழம்தானே" என்று நாலைந்து சாப்பிட்டு வந்தவர்களின் சுகர் ரிப்போட்டைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சின்னக் கடையிலும் லபான் கிடைக்கும், நம் மோருக்குச் சொந்தக்காரன். அதில் ஒரு போத்தல் வாங்குங்கள். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) கொண்டுபோனால் முழுப் பக்கெட்டையும் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும். கிளாசுக்குள் கொஞ்சம் கொட்டிக் கலக்கிக் குடிப்பது நம் ஆட்களின் தீராத பழக்கம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது.

சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. இட்லி, தோசை, சைவச் சாப்பாடு என்றால் கராமா பகுதி. இறைச்சிக் கறியும் ரொட்டியும் என்றால் சத்வாவில் 1978 முதல் இருக்கும் ரவி ரெஸ்டோரன்ட், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது பாகிஸ்தான் சமையல். கோடையில் இந்த இடங்களுக்கெல்லாம் பொழுது பட்ட பிறகு கிளம்புங்கள். மெட்ரோவுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 100 திர்ஹம் தண்டம். அதனால் ஏற முன் குடியுங்கள். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டு இறங்க வேண்டாம், வெயிலில் கார் அடுப்பாகிவிடும்.

தண்ணி அடிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். 21 வயதானால் டுபாயில் லைசென்ஸ் உள்ள இடங்களில் குடிக்கலாம். ரோட்டில் நின்று குடிப்பது குற்றம். குடித்துவிட்டு வாகனம் ஓடினால் ஒரு மிடறுதானே என்ற கணக்கும் செல்லாது. மகள் இருப்பது ஷார்ஜாவில் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம், அங்கே மதுவுக்கு முழுத் தடை. கிளிக்லசைட் என்ற நீரிழிவுக் குளிசை போடுகிறவர் வெறும் வயிற்றில் குடித்தால் சுகர் திடீரென்று இறங்கும்; பக்கத்தில் இருப்பவர்கள் வெறி என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள்.

பெட்டி கட்டும்போதும் கவனம். வலிக்குப் போடும் ட்ரமடோல், கொடீன் கலந்த மருந்துகள், கால் எரிவுக்கு நம்மவர் பலர் போடும் ப்ரிகபலின் எல்லாம் அங்கே கட்டுப்பாட்டு மருந்துகள். முன்கூட்டியே ஒன்லைனில் அனுமதி எடுத்து, டொக்டரின் துண்டோடுதான் கொண்டுபோக வேண்டும். அப்புறம் கசகசா. பலூடாவில் நாம் போடும் கசகசா திருநீற்றுப் பச்சிலை விதை. இந்தியத் தமிழர் குருமாவுக்கு அரைக்கும் கசகசா வேறு, அது அபினிச் செடியின் விதை, அமீரகத்தில் தடை. ஒரே பெயர் என்பதால் எயார்போட்டில் நின்று தாவரவியல் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இரண்டையுமே வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அந்த ஐயா இந்த டிசம்பரில் திரும்பப் போகிறார். நேற்று வந்து ஐந்து ஜீவனி வாங்கினார். பையில் போடும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, இதுக்கும் அனுமதி எடுக்க வேணுமே?"