செயற்கைக்கோள் இணைப்பு யாருக்குக் கட்டுப்படியாகும்?

தொலைத்தொடர்பு வலையமைப்புத் திட்டமிடலில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் என்னிடம், "இனி டவரே தேவையில்லையாமே, எல்லாம் சாட்டிலைட்டிலேயே வந்துவிடுமாமே?" என்று பலரும் கேட்கிறார்கள். நகரத்தில் வசிப்பவர்கள் இதை நம்பி இணைப்பு வாங்குவதற்கு முன் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்பேசி நிறுவனம் ஆள் இருக்கும் ஊரில் முதல் டவரை நிறுத்தி, அதில் வரும் வருமானத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததை நிறுத்தலாம். தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு அந்த வசதி கிடையாது. அவை ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதால், போதுமான எண்ணிக்கையில் ஏவி முடித்த பிறகே ஒரே ஒரு வாடிக்கையாளருக்குக்கூட இடையறாத சேவை தர முடியும். அதன் பின்னும் அவை பெரும்பாலான நேரம் ஆளில்லாத கடலுக்கு மேலேதான் பறக்கின்றன.

1998 நவம்பரில் சேவையைத் தொடங்கிய இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனம், 66 செயற்கைக்கோள்களுக்கும் தரை நிலையங்களுக்கும் சுமார் 500 கோடி டாலர் செலவிட்டிருந்தது. செங்கல் கனத்தில் இருந்த அதன் கைபேசி ஏறத்தாழ 3,000 டாலர். கட்டடத்துக்குள் சிக்னலும் எடுக்காது. திட்டம் உருவாகி முடிவதற்குள் சாதாரண செல்பேசி நகரங்களைப் பிடித்துவிட்டதால், 1999 ஆகஸ்டிலேயே நிறுவனம் திவாலானது. ஆனால் சுமார் இரண்டரைக் கோடி டாலருக்குக் கைமாறி, பழைய கடன் தலையில் இல்லாமல் போன பிறகு, அதே செயற்கைக்கோள்கள் கப்பல்களுக்கும் ராணுவத்துக்கும் பல ஆண்டுகள் உழைத்தன. தொழில்நுட்பம் தோற்கவில்லை, முதலீட்டுக்கு ஏற்ற வாடிக்கையாளர்கள்தான் இல்லை என்பதையே நான் இதிலிருந்து படித்துக்கொண்டேன்.

இன்று ராக்கெட் செலவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையின் ஒரு செயற்கைக்கோளுக்கு ஆயுள் சுமார் ஐந்தாண்டுதான், பிறகு புதிதாக ஏவியாக வேண்டும். ஒரு பகுதிக்குக் கிடைக்கும் அலைவரிசைத் திறனையும் அங்குள்ள எல்லோரும் பங்கிட்டாக வேண்டும். செயற்கைக்கோளையே நம்பியிருந்த லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடி ஃபைபர் கேபிள் வந்தபோது, விநாடிக்கு 1.7 ஜிகாபிட்டாக இருந்த இணைப்புத் திறன் 200 ஜிகாபிட் ஆனது. ஃபைபர் வரும் தெருவில் இருப்பவர் ஃபைபரையே வாங்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு உரிமையாளர் ஒருவர் தம் செல்பேசியைக் காட்டி, "கரை மறைஞ்சா இது வெறும் டார்ச் லைட்டுதான் சார்" என்றார். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நடுக்கடலில் எந்த நிறுவனமும் டவர் நிறுத்தப் போவதில்லை, அங்கே செயற்கைக்கோள்தான் வழி. அதற்காக, உரிய அனுமதி இல்லாத வெளிநாட்டுச் சாட்டிலைட் போனை யாரும் வாங்கிவிடக் கூடாது, இந்தியாவில் அது சட்டப்படி குற்றம். அனுமதி பெற்ற கருவியின் விலையையும் மாதக் கட்டணத்தையும் தனியொரு படகின் தலையில் கட்டாமல், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து திரளும் டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து அரசு ஏற்க வேண்டும்.