இருவாச்சியை வரைய அத்தி மரத்தடி போதும்

ஜனவரி பிறந்தால் ஆனைமலைப் பக்கம் ஸ்கெட்ச் புத்தகமும் கையுமாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கூடு எங்கே இருக்கு?" என்பதுதான். ஆண் இருவாச்சி (கிரேட் ஹார்ன்பில் பறவை) ஒரே மரப் பொந்துக்குத் திரும்பத் திரும்ப வரும், நிதானமாக வரையலாம் என்று கணக்கு. ஆனால் அந்தப் பொந்துக்குள் பெண் பறவை எச்சத்தாலும் பழச் சக்கையாலும் வாசலை அடைத்துக்கொண்டு, பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிட்டு, மாதக்கணக்கில் அடைந்து கிடக்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அதன் வழியாக ஆண் ஊட்டுவதுதான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. கீழே ஆள் நின்றால் ஆண் பொந்துக்கு வராமல் பக்கத்து மரத்திலேயே தொண்டை புடைக்க உட்கார்ந்துவிடும். நல்ல போஸ் என்று நாம் பென்சிலை எடுக்கும் நேரத்தில் உள்ளே பசி.

எத்தனை மீட்டர் தள்ளி நிற்கலாம் என்பதற்கு ஒரே எண் கிடையாது. பழத்தோடு வந்த பறவை ஊட்டாமல் காத்திருந்தால், நீங்கள் நிற்கும் இடம் தவறு. கிளம்பிவிடுங்கள்.

வரைவதற்கு உண்மையிலேயே தோதான இடம் பழுத்த அத்தி மரம். வால்பாறையில் தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளில் ஓர் அத்தி பழுத்தால் இருவாச்சிகள் தேடி வரும். விடியும் முன்பே போய் மரத்தடியில் அசையாமல் உட்கார வேண்டும் (அட்டைக் கடிக்குத் தயாராக). இருவாச்சிக்கு நாக்கு குட்டை. அதனால் அலகு நுனியால் பழத்தைப் பறித்து, தலையை அண்ணாந்து தொண்டைக்குள் எறிந்து விழுங்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்யும் என்பதுதான் நமக்கு வசதி. ஒரே பக்கத்தில் பறிப்பது, எறிவது, விழுங்குவது என மூன்று கோட்டுருவங்களைத் தொடங்கி, பறவை எந்த நிலைக்கு வருகிறதோ அந்த உருவத்தில் இரண்டு கோடு சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரே உருவத்தை முடித்துவிடப் பிடிவாதம் பிடித்தால் பாதி உடம்போடு பக்கம் நின்றுவிடும்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) போதும். 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும். 2பி பென்சில் நல்லது. சாதாரண மைப் பேனா ஒரு தூறலில் கரைந்துவிடும். காட்டிலேயே வாட்டர்கலர் பூசுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. அந்த ஈரக் காற்றில் முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவது அதில் பாய்ந்துவிடும். நிறங்களை அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டு, அறைக்கு வந்து பூசலாம்.

நிறங்களை எழுதும்போது பறவையின் கண்ணை விட்டுவிடாதீர்கள். ஆணின் கருவிழி சிவப்பு, பெண்ணுக்கு வெளிறிய நீலம் கலந்த வெள்ளை. ஆணின் கொண்டையில் (அலகின் மேலுள்ள புடைப்பு) முன்னும் பின்னும் கருப்பு உண்டு. பெண்ணுக்கு இல்லை, கொண்டையும் சிறியது. சிவப்புக் கண்ணை வைத்துக் கருப்பில்லாத கொண்டையை வரைந்துவிட்டால் அப்படி ஒரு பறவையே உலகில் இல்லை!

பலர் சறுக்கும் இன்னோர் இடம் மஞ்சள். கழுத்திலும் இறக்கையின் வெள்ளைப் பட்டையிலும் தெரியும் மஞ்சள், வாலடிச் சுரப்பியின் எண்ணெயைப் பறவையே பூசிக்கொள்வது. அதனால் ஒரே சீராக இருக்காது. திட்டாக, ஓரத்தில் மங்கிப்போகும். தாளின் வெள்ளையை விட்டுவைத்து, ஈரத்தின் மேல் மெல்லிய மஞ்சள் விட்டால் அந்தக் கறை தானாக வரும். வாலில் இந்த மஞ்சள் வேண்டாம். அது வெள்ளை, குறுக்கே ஒரே ஒரு கருப்புப் பட்டை. உடம்புக்கு டியூப் கருப்பு செத்த நிறம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியென்னா பழுப்பும் கலந்தால் வெயில் படும் முதுகு உயிரோடு இருக்கும்.

படத்தின் மூலையில் தேதி, நேரம், வெளிச்சம், என்ன பழம் என்று குறிக்கலாம். தப்பித்தவறிக் கூடு கண்ணில் பட்டிருந்தால் எஸ்டேட் பெயர், மர அடையாளம் எதுவும் இணையத்துக்குப் போகக் கூடாது. "ஆனைமலை, பிப்ரவரி" போதும். மொபைலில் எடுத்த படத்தையும் சேர்த்துப் போடுவதாக இருந்தால், அதில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை முதலில் நீக்கிவிடுங்கள்.