தண்ணீரைப் பார்த்துப் பூச்செடி வாங்குங்கள்

சித்திரை வெயில் ஏறியதும் பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் நர்சரிக்குக் காய்ந்த இலைகளோடு வருகிறவர்கள் பெருகிவிடுவார்கள். பெரும்பாலும் ரோஜா இலைதான். ஓரம் தீய்ந்து, நுனி பழுப்பேறி, நடுவில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கும். "அண்ணாச்சி, இதற்கு என்ன மருந்து அடிக்க வேண்டும்?" என்பார்கள். மருந்தை விட்டுவிட்டு, செடிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். போர் தண்ணீர் என்றால், அதிலுள்ள உப்புதான் காரணமோ என்று பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பூச்சி இலையைச் சுருட்டும், ஓட்டை போடும். நோய் புள்ளி வைக்கும். உப்பின் வேலை வேறு மாதிரி. முதிர்ந்த இலையின் நுனியில் தொடங்கி, ஓரம் வழியாக மெல்ல உள்ளே கருக்கிக்கொண்டு வரும். மண் தொட்டியாக இருந்தால் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். இதைக் கவனிக்காமல், செடி வாடுகிறதே என்று ஒரு கை டி.ஏ.பி.யை அள்ளிப் போடுகிறார்கள். ரசாயன உரமும் ஒருவகை உப்புதான். ஏற்கெனவே உப்பில் தவிக்கும் வேருக்கு அது மேலும் கேடு.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செடி வாங்கும் முன் அதை வாங்குங்கள் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கினால் எண் தெரிந்துவிடும். பாசனத் தண்ணீருக்கு உலக உணவு வேளாண் நிறுவனம் வகுத்த அளவு எளிமையானது: லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 2,000 வரை பார்த்துப் பயன்படுத்த வேண்டும், அதற்கு மேல் போனால் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. ரோஜா உப்பைத் தாங்காத சாதி. மல்லிகைக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

இப்போது வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. இயந்திரம் வந்துவிட்டது. அதிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் 2 லிட்டர் தண்ணீரில் 1 லிட்டர் குடிநீராகப் பிரிந்தால், அதன் உப்பில் பெரும்பகுதி மீதி 1 லிட்டரில் சேர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு. அந்தத் தண்ணீர் தரை கழுவத்தான் ஆகும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. அதைத்தான் வாளியில் பிடித்து ரோஜாவுக்கு வைக்க வேண்டும். நடைமுறையில் பல வீடுகளில் ஏ.சி. தண்ணீர் சுவரில் வழிந்து பாசி பிடிக்கிறது, ஆர்.ஓ. தண்ணீர் ரோஜாவுக்குப் போகிறது!

நம் பக்கத்தில் தண்ணீரும் மண்ணும் ஊருக்கு ஊர் மாறும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கால்வாயை ஒட்டி வீடு இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். பிச்சி, மல்லிகை, ரோஜா எதையும் வைக்கலாம். ரோஜாவில் பன்னீர் ரோஜாவையே நான் சொல்வேன். கடையில் கொத்தாகச் சிரிக்கும் ஒட்டு ரகங்களின் பகட்டு அதில் இல்லை. வாசமும் உழைப்பும் உண்டு. திசையன்விளை, உவரிப் பக்கத்துச் செம்மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. அதனால் உப்பு தேங்காமல் கீழே இறங்கும் என்பது ஒரு வசதி; ஆனால் ஈரம் தங்க மட்கிய தொழுவுரத்தைத் தாராளமாகக் கலந்து, மேலே இலைதழையால் மூடாக்குப் போட வேண்டும். காகிதப்பூ, நித்தியகல்யாணி, பத்துமணிப் பூ அங்கே நன்றாக வரும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் பிரச்சினை வேறு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது. இட்லிப்பூச் செடி முதலில் காட்டிக்கொடுக்கும்: இளந்தளிர் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உப்புக் கருகல் பழைய இலையில், இரும்புக் குறை புதிய இலையில். இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே போதும், வீண் மருந்துச் செலவு மிச்சம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு மாதம் ஒருமுறை இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். மல்லிகைக்கும் இதே வைத்தியம்.

உப்புத் தண்ணீர், வறட்சி, காற்று எல்லாவற்றையும் தாங்குவது அரளி. நான்குவழிச் சாலைகளின் நடுவே அதை வைத்திருப்பது சும்மா இல்லை. அதனாலேயே வீட்டுக்கும் கேட்கிறார்கள். கொடுக்கும் முன், வீட்டில் தவழும் குழந்தை உண்டா, ஆடு மாடு உண்டா என்று கேட்டுக்கொள்வேன். செவ்வரளி, வெள்ளரளி, பொன்னரளி எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. இலை, பூ, பால் எதுவும் விலக்கில்லை. பொன்னரளிக் கொட்டை மிகக் கொடியது. கழித்த கிளைகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது, புகையும் நஞ்சு. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம் தன் கோயில்களின் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. யாராவது வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் செடியின் ஒரு கொப்பையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி மல்லிகை. ராமநாதபுரம் குண்டுமல்லிப் பதியன்கள் தங்கச்சிமடத்திலிருந்து தமிழ்நாடெங்கும் போகின்றன. நாங்களும் அதைத்தான் விற்கிறோம். ஒரு அடி நீள அகல ஆழத்தில் குழி, தொழுவுரம், நாள் முழுக்க வெயில். சுவர் நிழலில் வைத்தால் இலைதான் மண்டும். நடுவதற்குப் புரட்டாசி கடைசி எனக்குப் பிடித்த காலம். ஐப்பசி, கார்த்திகை மழை வேர் பிடிக்க உதவும், அதுவரை தேங்கிய உப்பையும் கழுவிவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மொட்டைமாடித் தொட்டியில் புதுச் செடி வைப்பது வீண் வேலை.

நட்டு வளர்ந்த செடியைக் கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. "பச்சைச் செடியைப் போய் வெட்டுவதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் அரிவாளைப் பிடுங்கி வைத்த கதைகள் நிறைய உண்டு. மல்லிகை புதுக்கிளையில்தான் மொட்டு வைக்கும், வெட்டாத புதரில் பழங்குச்சிதான் பெருகும். வெட்டி, இலையை உருவி, உரம் வைத்துத் தண்ணீர் காட்டுங்கள். தை பிறக்கும்போது தளிர் தெரியும், பங்குனியில் கூடை தேடுவீர்கள். இடைப்பட்ட நாளில் செடி மொட்டையாக நிற்கிறதே என்று எனக்குப் போன் செய்ய வேண்டாம்.